புதுப்பிப்பு: கலாநிதி ஆய்வுக்கிடையில் சான்றிதழ் எடுத்த கதை

கலாநிதி ஆய்வு செய்துகொண்டே புள்ளிவிபரப் பக்கம் ஒரு சான்றிதழ் எடுக்க ஏலுமா, அதுவும் திருகோணமலையில் இருந்தபடி, பெரிய செலவில்லாமல் என்று இதே இழையில் கேட்டிருந்தேன். பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி. எடுத்தாச்சு.

சரிவந்தது, இணையவழிப் பாடநெறிகள் நடத்தும் கோர்செரா தளத்தில் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி இங்கே எழுதின அண்ணாவின் யோசனை. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் 'ஆர்' (புள்ளிவிபர வேலைக்கான கணினி மொழி) நிரலாக்கப் பாடநெறியைப் படித்தேன். அது 10 பாடநெறிகள் கொண்ட தொடரில் ஒன்று. ஆனால் நான் படித்தபோது, உதவிக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பதில் வர இரண்டு கிழமையளவு எடுத்தது, கிடைத்தபின் முடிக்க 180 நாள் தந்தார்கள். வார இறுதி டிப்ளோமாவுக்குக் கொழும்பு போய்வரும் யோசனையை விட்டுவிட்டேன். இரவு ரயிலில் ஆய்வு ஓடாது.

சான்றிதழில் வரும் பெயரை முதலிலேயே அடையாள அட்டையில் உள்ளபடி போடுங்கோ. எங்கட முதலெழுத்துப் பழக்கம் அங்கே குழப்பும்.

கலாநிதிப் பட்டத்துக்கு இதனால் திறமைப்புள்ளி ஒன்றும் கிடைக்காது. எதிர்பாராதது வேறு: பயிற்சிக்கு எழுதின நிரலைக் கொஞ்சம் மாற்றி, என் ஆய்வுக்கான, திருகோணமலைக்குக் கிட்ட உள்ள புறாத்தீவின் பவளப்பாறைத் தரவுகளுக்கே ஓடவிட்டேன். மேற்பார்வையாளர் சான்றிதழைப் பார்க்கவே இல்லை, வரைபடங்களைத்தான் கேட்டார்.