பஸ் ஸ்டாண்டு பின்தெரு: 'தினமும் பிடியுங்கள்' என்று மனு கொடுப்பதா?

தெற்குத்தெரு:
எங்கள் குடியிருப்போர் சங்கம் எஸ்.பி. அலுவலகத்தில் கொடுக்க ஒரு மனு எழுதி வைத்திருக்கிறது. நாலு கோரிக்கை. இரவு 9 மணிக்கு மேல் பஸ் ஸ்டாண்டு பின்தெருவில் நிற்கும் பெண்களைத் தினமும் கைது செய்ய வேண்டும். அவர்கள் படத்தையும் வந்து போகிற ஆண்களின் வண்டி எண்ணையும் தெருமுனையில் பேனர் வைக்க அனுமதி வேண்டும். அங்கே இருக்கிற இரண்டு லாட்ஜையும் மூட வேண்டும். விபச்சாரத் தடுப்புச் சட்டம் 20-ஆவது பிரிவில் அந்தப் பெண்களை ஊரைவிட்டே அனுப்ப வேண்டும். டியூஷன் முடிந்து வருகிற பிள்ளைகளிடம் பைக்கை நிறுத்தி "வர்றியா" என்று கேட்கிறான்கள். மனித உரிமை வகுப்பு எடுக்க வருகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லிவிட்டு எடுக்கலாம்.

கறுப்புக்கோட்டு:
வகுப்பு வேண்டாம், பதில் மட்டும் சொல்கிறேன். பிள்ளையிடம் அப்படிக் கேட்டவன்மேல் விபச்சாரத் தடுப்புச் சட்டத்தைத் தேடிப் போகவே வேண்டாம். பிள்ளைக்கு 18 ஆகவில்லை என்றால் போக்சோ 11, 12. மூன்று ஆண்டு வரை சிறை. 18 தாண்டிய பெண் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 75, 79. வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம். தேவையானது வண்டி எண், நேரம், எந்தக் கடைக் கேமராவில் அந்த இடம் தெரிகிறது என்ற தகவல். கடைக் கேமராவில் பழைய பதிவு சில நாளில் அழிந்துவிடும். அன்றைக்கே புகாரில் எழுதி, பதிவைக் கைப்பற்றச் சொல்லிக் கேளுங்கள்.

உங்களை அதிகம் உறுத்துவது இதுதான். ஆனால் நாலு கோரிக்கையில் இதற்கென்று ஒரு வரி இல்லை.

பேனர் யோசனையை இன்றே கைவிடுங்கள். இரவு ஷிப்டுக்குப் பஸ்ஸுக்காக நிற்கிற ஒரு நர்ஸின் படம் அதில் வந்துவிட்டால் சங்கச் செயலாளர் அவதூறு வழக்கில் முதல் எதிரி.

ஸ்டேஷன்ரைட்டர்:
வக்கீல் சார் சொல்வது ஏட்டில் சரி. ராத்திரி ஒன்பதரைக்கு 112-ல் அழைப்பு வந்தால் கையில் இருப்பது ஒரு எஸ்.ஐ., இரண்டு காவலர், ஒரு ஜீப். லாட்ஜுக்குள் வாரன்ட் இல்லாமல் நுழைய வேண்டுமென்றால் விபச்சாரத் தடுப்புச் சட்டம் 15-ஆவது பிரிவு. இன்ஸ்பெக்டர் ரேங்குக்குக் குறையாத சிறப்புக் காவல் அதிகாரி வேண்டும். காரணத்தை முன்னாலேயே எழுதி வைக்க வேண்டும். கூட இரண்டு பெண் போலீஸ். சாட்சி இருவர், அதில் ஒருவராவது பெண். அந்த நேரத்தில் சாட்சிக்கு எந்த வீட்டம்மா இறங்கி வருவார்? மனு கொடுக்கிற சங்கத்தில்கூட யாரும் வரமாட்டார்கள்.

பொது இடத்தில் ஆள் அழைப்பதற்கான 8-ஆவது பிரிவோ, நகரக் காவல் சட்டம் 75-இல் பெட்டி கேஸோ போட்டால் கூட்டம் கலையும். தெரு அன்று ராத்திரி அமைதியாக இருக்கும். மக்கள் கேட்பது அதைத்தானே?

கறுப்புக்கோட்டு:
ரைட்டர் சார், அந்த 8-க்கும் 14-ஆவது பிரிவு இருக்கிறது. வாரன்ட் இல்லாத கைதை சிறப்பு அதிகாரி செய்ய வேண்டும், அல்லது அவர் உத்தரவில், வழிகாட்டுதலில், முன் ஒப்புதலில் செய்ய வேண்டும். அவர் நேரில் இல்லாவிட்டால் யாரை, எந்தக் குற்றத்துக்கு என்று எழுத்தில் உத்தரவு தர வேண்டும். அவசரத்துக்கு ஒரு விலக்கு உண்டு. அதற்கும் அவர் தனியாக அதிகாரம் கொடுத்த எஸ்.ஐ. வேண்டும், உடனே அறிக்கையும் போக வேண்டும். பீட் காவலர் தெருவில் பிடித்துக்கொண்டு வந்து, ஸ்டேஷனில் உட்கார்ந்து பின்தேதியில் உத்தரவு தயாரிப்பது குறுக்கு விசாரணையில் நேரக் கணக்கிலேயே உடைந்துவிடும்.

இன்னொன்று: 8(பி)-யில் வெறுமனே நிற்பது குற்றமாகாது. அழைக்க வேண்டும், தொந்தரவு செய்ய வேண்டும், அல்லது வழிமறித்தோ அக்கம்பக்கத்தாருக்கு எரிச்சல் வருகிற மாதிரியோ, பொது ஒழுக்கத்துக்குக் கேடாகவோ நிற்க வேண்டும். எஃப்.ஐ.ஆரில் "சந்தேகத்துக்கிடமாக நின்றுகொண்டிருந்தார்" என்று மட்டும் எழுதிவிட்டு, யாரைக் கூப்பிட்டார், என்ன சொன்னார், யார் அவதிப்பட்டார் என்று ஒருவர் வாக்குமூலமும் இல்லாமல் அனுப்புகிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

களப்பணி:
தினசரிக் கைது யாருக்கு லாபம் என்று யாராவது கணக்குப் போட்டதுண்டா? 8-ஆவது பிரிவில் முதல் முறைக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தோடு முடிவதில்லை. வக்கீல், ஜாமீன்தாரர், ஒரு நாள் வருமானம், பிள்ளையைப் பார்த்துக்கொண்டவருக்குக் கூலி. இத்தனையையும் அன்றைக்கே எடுத்துக் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் புரோக்கர். மறுநாளே அது கடனாக அவள் தலையில் ஏறும். கைதுக்கு முன்னால் தனியாக நின்றவள் கைதுக்குப் பிறகு அவன் கையில்.

அப்புறம் இடம். வெளிச்சத்தில் நிற்கும்போது ஆளைப் பார்த்து, வண்டிக்குள் எத்தனை பேர் என்று பார்த்து, பேசி, வேண்டாம் என்றால் விலகலாம். ரோந்து அதிகமானால் பைபாஸ் பக்கம் போவார்கள். அங்கே பேச நேரமில்லை, சட்டென்று ஏறிக்கொள்ள வேண்டும். அடிதடி, பணப் பறிப்பு, ஆணுறை இல்லாத நிர்ப்பந்தம் எல்லாம் அந்த அரை நிமிடத்தில்தான் தீர்மானமாகின்றன. பையில் ஆணுறை இருந்தால் கேஸ் என்று ஒரு முறை பேச்சுக் கிளம்பினால் போதும், எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத் திட்டத்தில் வேலை செய்கிற சக ஊழியர்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போகமாட்டார். 1986-ல் நாட்டிலேயே முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்ட ஊர் சென்னை. அதற்குப் பிறகு இந்த மாநிலம் படிப்படியாகக் கட்டிய வேலை இது.

உச்ச நீதிமன்றமே 2022-ல் இவர்களைக் கைது செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டதே, இன்னும் ஏன் 8-ஐப் பிடித்துத் தொங்க வேண்டும்?

கறுப்புக்கோட்டு:
மேடம், உங்கள் பக்கம்தான் நான், ஆனாலும் இதைத் திருத்த வேண்டும். புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் 2022 மே 19 உத்தரவு அப்படிச் சொல்லவில்லை. சோதனையின்போது விருப்பத்தோடு தொழில் செய்யும் பெண்ணைக் கைது செய்யக்கூடாது என்பது நீதிமன்றம் அமைத்த குழுவின் பரிந்துரை. ஒன்றிய அரசு தயக்கம் தெரிவித்த பரிந்துரைகளில் அதுவும் ஒன்று. மாநிலங்கள் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னவை வேறு: போலீஸ் கண்ணியமாக நடத்த வேண்டும், வன்முறைக்கு ஆளானவருக்கு உடனே மருத்துவ உதவி வேண்டும், ஆணுறையைக் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது, செய்தியில் படமும் அடையாளமும் வரக்கூடாது, காப்பு இல்லங்களில் விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைத்திருக்கும் வயதுவந்தோரைக் கணக்கெடுத்து விடுவிக்க வேண்டும். பொது இடங்களுக்கு அருகே தொழில் செய்வதற்கான 7, இந்த 8 இரண்டும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கின்றன. "கோர்ட்டே சொல்லிடுச்சு" என்று ஸ்டேஷனில் போய்ப் பேசினால் ரைட்டர் சார் புத்தகத்தைத் திருப்பிக் காட்டுவார்.

ஸ்டேஷன்ரைட்டர்:
காட்டுவேன். சந்தோஷம்.

ஆனால் ஆணுறை விஷயத்தில் மேடம் சொல்வது சரி. மகஜரில் (கைப்பற்றிய பொருள்களின் பதிவில்) பழக்கதோஷத்தில் இன்னும் அதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கேஸுக்குத் துளியும் பலமில்லை, எதிர்த்தரப்புக்கு ஆயுதம்.

தெற்குத்தெரு:
சரி, ஆக மொத்தம் என்ன சொல்கிறீர்கள்? அவர்களும் பாவம், போலீஸும் பாவம், நாங்கள் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டும். வெளிநாட்டில் இதற்கென்று தனி இடம் ஒதுக்குகிறார்களாமே, அதையாவது கேட்கலாமா?

வடஇங்கிலாந்து:
அந்தப் பேச்சை எடுக்கிறவர்கள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் கதையை முழுதாகப் படிக்க வேண்டும். ஹோல்பெக் பகுதியில் 2014 அக்டோபரில் தொடங்கினார்கள். தொழிற்பேட்டைத் தெருக்களில் இரவு 7 முதல் காலை 7 வரை நின்றால் வழக்கில்லை. வீடுகளுக்கு முன்னால் கூடாது, குப்பை போடக்கூடாது என்று விதிகள். இவர்களுக்கென்றே ஒரு தொடர்பு அதிகாரியையும் போலீஸ் வைத்தது. அந்த ஏற்பாட்டால் தாக்குதலைப் புகார் செய்ய முன்வந்தவர்கள் உண்டு. ஆனால் தொழிற்பேட்டைக்கும் குடியிருப்புக்கும் நடுவில் மதில் கிடையாது. விதி தாளில் இருந்தது. ஆணுறையும் ஊசியும் பள்ளிக்கூடப் பாதையில் கிடந்தன. பகலிலும் பெண்களை வழிமறித்துக் கேட்டார்கள். குடியிருப்பவர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். நேரத்தைச் சுருக்கிப் பார்த்தும் சரிவரவில்லை. கொரோனாவில் நிறுத்தியதை 2021-ல் ஒரேயடியாகக் கைவிட்டார்கள்.

களப்பணி:
சுவிட்சர்லாந்தின் சூரிச்சையும் சொல்ல வேண்டும். நதிக்கரைச் சாலையில் நின்றவர்களை அங்கிருந்து எடுத்து, 2013-ல் ஆல்ட்ஸ்டெட்டன் பகுதியில் வேலி போட்ட தனி வளாகம் திறந்தார்கள். மக்கள் வாக்கெடுப்பில் பணம் ஒப்புதல் பெற்று, 24 லட்சம் பிராங்க். கார் நிற்கும் கூண்டுகள், ஒவ்வொன்றிலும் அபாய மணி, வளாகத்திலேயே சமூகப் பணியாளர், கழிப்பறை. நடந்து வருகிற வாடிக்கையாளர்களுக்கு அனுமதி இல்லை. லீட்ஸில் கோடு மட்டும் போட்டார்கள். இங்கே கட்டடமும் ஆளும் போட்டார்கள்.

கறுப்புக்கோட்டு:
இரண்டும் இங்கே நடக்காது. 7-ஆவது பிரிவின்படி வழிபாட்டுத் தலம், பள்ளி, விடுதி, மருத்துவமனை இவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் செய்பவரும், கூட இருந்த ஆணும் குற்றவாளி; மூன்று மாதம் வரை சிறை. கோயில் இல்லாத 200 மீட்டரை நம் ஊரில் யாராவது கண்டுபிடித்தால் சொல்லுங்கள். ஊருக்கு வெளியே இடம் கிடைத்தாலும் கட்டடம் கட்டியவர்மேல் விபச்சார விடுதி நடத்தியதற்கான 3-ஆவது பிரிவு பாயும். இருவர் சேர்ந்து தங்கள் இருவரின் லாபத்துக்கு ஓர் அறையைப் பயன்படுத்தினாலே அது விபச்சார விடுதி என்றுதான் 2-ஆவது பிரிவின் வரையறை.

லாட்ஜ் கோரிக்கைக்கு வருகிறேன். உருப்படியானது அது ஒன்றுதான், அதையும் தப்பான மேசைக்கு அனுப்புகிறீர்கள். 18-ஆவது பிரிவில் மூடும் அதிகாரம் எஸ்.பி.க்கு இல்லை, மாவட்ட ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும்தான். 200 மீட்டருக்குள் விபச்சார விடுதியாக ஓர் இடம் பயன்படுகிறது என்று போலீஸோ வேறு யாருமோ தகவல் தரலாம். காரணம் கேட்டு ஏழு நாள் நோட்டீஸ். விசாரித்துத் திருப்திப்பட்டால், உத்தரவிலிருந்து ஏழு நாளில் காலி செய்ய வேண்டும். அதன் பிறகு ஓராண்டுக்கு உத்தரவு போட்ட அதிகாரியின் அனுமதி இல்லாமல் வாடகைக்கு விட முடியாது. அங்கே 18-க்குக் கீழ்ப்பட்ட பிள்ளை இருந்தது தெரிந்தால் மூன்றாண்டு. இன்னொரு வழி 7(2): இடத்தைத் தெரிந்தே விட்ட லாட்ஜ்காரருக்குத் தண்டனை கிடைத்தால் லைசென்ஸை மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை நிறுத்தி வைக்கலாம். லாட்ஜ்காரன் அஞ்சுவது லைசென்ஸுக்கு மட்டும்.

ஸ்டேஷன்ரைட்டர்:
லாட்ஜ் கேஸ்கள் ஏன் விழுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் இவர்கள் நோட்டீஸ் போனதும் இனிப்பு வாங்கிவிடுவார்கள்.

முதல் ஓட்டை தூரம். மாதிரி வரைபடத்தில் "கோயில் அருகில்" என்று எழுதினால் செல்லாது. டேப் பிடித்து அளந்து, எந்த வாசலிலிருந்து எந்த வாசல்வரை என்று பார்வை மகஜரில் (இடத்தைப் பார்த்து எழுதும் பதிவில்) எழுத வேண்டும். பஸ் ஸ்டாண்டு அந்தப் பட்டியலில் தானாக வராது. தனியாக அறிவிக்கை போட்டிருக்க வேண்டும். ஆகவே பக்கத்துப் பள்ளியையோ கோயிலையோ காட்டி அளப்பதுதான் புத்தி.

அடுத்தது லாட்ஜ் பதிவேடு. அன்றைய பக்கம் மட்டும் எடுத்தால் ஒரு ஜோடி வந்து தங்கியது என்பதோடு முடிந்தது. ஒரே ஆதார் நகல் வாரத்தில் பலமுறை, இரண்டு மணி நேர வாடகை, ஒரே அறை ஒரு நாளில் நாலு பேருக்கு: இதைக் காட்ட ஒரு மாதப் பக்கங்களாவது வேண்டும். ரூம்பாய்க்கும் புரோக்கருக்கும் நடுவே போன பணம் இப்போது போனில்தான் போகிறது, அந்த விவரம் கிடைத்தால் அடுத்தவர் தொழில் வருமானத்தில் பிழைப்பதற்கான 4-ஆவது பிரிவு நிற்கும். சாட்சி? எல்லாக் கேஸிலும் கையெழுத்துப் போடுகிற டீக்கடைக்காரர் வேண்டாம்.

பெரிய ஓட்டை, மீட்ட பெண்ணே கோர்ட்டில் பிறழ்சாட்சி ஆவது. அதற்கு வழி தெரிந்தால் மேடம் சொல்லட்டும்.

களப்பணி:
அவளை எதிரி மாதிரி நடத்திவிட்டுச் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் எப்படி வருவாள்? 17-ஆவது பிரிவில் விசாரணை, பிறகு காப்பு இல்லம் என்றால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை. அவள் பார்வையில் புரோக்கருக்கு ஜாமீன், அவளுக்குப் பூட்டு. விசாரணையில் மாஜிஸ்திரேட்டுக்கு உதவ ஐந்து பேர் குழு வைக்கலாம், முடிந்தவரை மூவர் பெண்கள், என்று சட்டத்திலேயே இருக்கிறது. அந்தக் குழு உட்கார்ந்து, வயதுவந்தவள், மிரட்டலில் இல்லை என்று தெரிந்தால் அனுப்பிவிடட்டும். மிரட்டலில் இருந்தவள் என்றால் இலவசச் சட்ட உதவி மையத்திலிருந்து முதல் நாளே ஒரு வக்கீல். புரோக்கரின் வக்கீல் அவளுக்கும் சேர்த்து வக்காலத்துப் போட்ட நிமிஷமே உங்கள் கேஸ் முடிந்தது, ரைட்டர் சார். இதைத் தடுப்பது உங்கள் கையில்தான்.

புதிதாக ஒரு சின்னப் பெண்ணை யாராவது கொண்டுவந்து இறக்கினால் முதலில் தெரிவது அங்கே நிற்கிறவர்களுக்கே. தினமும் பிடித்தால் அந்தத் தகவல் வராது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அவர்கள் பயமில்லாமல் அழைக்கிற நிலை வேண்டும்.

ஸ்டேஷன்ரைட்டர்:
வக்காலத்து விஷயம் உண்மை. ஒப்புக்கொள்கிறேன்.

புரோக்கருக்கு இன்னொரு மருந்து, 1982 குண்டர் சட்டம். பாலியல் தொழில் குற்றவாளி என்று தனி வகையே உண்டு. 12 மாதம் உள்ளே வைக்கலாம். அரசு 12 நாளில் ஒப்புதல் தர வேண்டும். உள்ளே இருப்பவர் கொடுத்த மனுவைப் பரிசீலிக்கத் தாமதித்தாலும், படிக்க முடியாத நகல் கொடுத்தாலும் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகும்.

கறுப்புக்கோட்டு:
விசாரணையில் நிரூபிக்க முடியாததைத் தடுப்புக் காவலில் சாதிக்கிற பழக்கம் எனக்கு ஒப்பாது. சொல்லி வைக்கிறேன்.

ஊரைவிட்டு அனுப்பும் 20-ஆவது பிரிவு: செல்லும். கான்பூர் வழக்கில் 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோட்டீஸ், தனித்தனி விசாரணை, பொதுநலன் கருதி அவசியம் என்ற முடிவு. 'அந்தப் பெண்கள்' என்று மொத்தமாக எழுத முடியாது. மீறினால் அபராதம் 200 ரூபாய், தொடர்ந்தால் நாளுக்கு 20. இதற்காகக் கோட்டாட்சியர் எத்தனை வாய்தா போடுவார் என்று நினைக்கிறீர்கள்?

தெற்குத்தெரு:
பேனரையும் 20-ஐயும் எடுத்துவிடச் சங்கத்தில் பேசுகிறேன். லாட்ஜ் தகவல் கோட்டாட்சியருக்குத் தனி மனுவாக. பைக் ஆசாமிகள் மேல் தேதி, நேரம், வண்டி எண்ணோடு தனிப் புகார். தெருவிளக்குக்கு நகராட்சிக்கு ஒன்று. ஆனால் முதல் கோரிக்கையை எடுக்கமாட்டேன். 'தினமும் கைது' என்பதை 'இரவு 9 முதல் 12 வரை ரோந்து' என்று மாற்றுகிறேன், அவ்வளவுதான்.

களப்பணி:
ரோந்து வண்டி நிற்பவளை மிரட்டாமல், நிறுத்துகிற பைக்கை விசாரிக்கட்டும் என்று அதே வரியில் சேர்த்து எழுதுங்கள். அங்கே நிற்பவர்களில் திருநங்கைகளும் உண்டு. அவர்களைத் துன்புறுத்தக்கூடாது என்று காவலர் நடத்தை விதியிலேயே 2022-ல் 24-சி சேர்த்தாகிவிட்டது.

தெற்குத்தெரு:
பைக்கை விசாரிப்பது சரி, எழுதுகிறேன். மற்றதை ரோந்து போகிறவரிடம் விட்டுவிடுகிறேன். நாங்கள் சொல்லி நடக்கப்போவதில்லை.

ஸ்டேஷன்ரைட்டர்:
மனுவில் நடத்தை விதி எண்ணை எல்லாம் எழுதாதீர்கள், இன்ஸ்பெக்டர் முதல் பக்கத்திலேயே கடுப்பாகிவிடுவார். கோட்டாட்சியர் மனுவோடு 200 மீட்டர் அளந்த வரைபடத்தை நீங்களே இணையுங்கள். சாட்சியாக வரச் சம்மதிக்கிற ஒரு பெண்ணின் பெயரையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்குத்தெரு:
அந்தப் பெயருக்குத்தான் சங்கத்தில் இப்போதே சண்டை.