புதுப்பிப்பு: தனி அறை விடுதி, மாதிரி அறையைப் பார்த்துவிட்டேன்

பெங்களூரில் எங்கள் பல்கலைக்கழகம் கட்டும் புது விடுதியில் ஆளுக்கொரு அறை என்கிறார்களே, நம்பலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இப்போது ஓர் அறையில் மூன்று பேர் இருக்கிறோம். மாதிரி அறையை நேரில் போய்ப் பார் என்று பலர் சொன்னீர்கள். சனிக்கிழமை பார்த்தேன்.

ஒன்பதுக்குப் பத்தடி. கட்டில், மேசை, சுவரலமாரி. கதவைச் சாத்தியதும் வந்த அமைதியில் இரண்டு நிமிடம் அப்படியே நின்றேன். ஆய்வேடு எழுதுகிறவளுக்கு இது சொகுசு இல்லை, தேவை. ஆனால் பிளக் பாயின்ட் கட்டிலின் தலைமாட்டில் ஒளிந்திருக்கிறது. மேசைப் பக்கம் ஒன்றுகூட இல்லை. மேஸ்திரி அண்ணா தருமபுரிக்காரர். "மத்த ரூமுக்கு இன்னும் பூச்சு ஆகலை, இப்பவே சொன்னா மாத்திடலாம்மா" என்றார். அன்றே பொறியாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் தண்ணீர். 2024 கோடையில் போர்வெல் வற்றி, டேங்கருக்குக் குடத்தோடு காத்திருந்ததை மறக்க முடியாது. அந்த அக்டோபரில் பெங்களூருக்கான காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கியது, நாளுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். சரி, இருந்தாலும் மொட்டைமாடி மழைநீருக்குத் தனித் தொட்டி கட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

வாடகை இன்னும் சொல்லவில்லை. தெரிந்ததும் எழுதுகிறேன்.