புதுப்பிப்பு: ஹேஷ்மேப்பைச் சுற்றும்போதே நீக்கினால் வந்த பிழை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் படிப்பவர்களுக்காக: ஜாவாவில் ஒரு ஹேஷ்மேப் (கீ-வேல்யூ ஜோடிகளைச் சேமிக்கும் அமைப்பு), கீ பொருளின் பெயர், வேல்யூ அதன் இருப்பு எண்ணிக்கை. கீசெட்டை (கீகளின் தொகுப்பு) ஃபார் லூப்பில் சுற்றி, இருப்பு பூஜ்யமானதை மேப்பின் ரிமூவ் போட்டு நீக்கினேன், கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன் வந்து நின்றது. பிழையின் பெயரைப் பார்த்து, பல த்ரெட்கள் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி ஓட்டங்கள்) மேப்பை மாற்றும் பிரச்சினை என்று தேடிக்கொண்டிருந்தேன், ஆனால் என் நிரலில் இருந்தது ஒரே த்ரெட்.

முதலில் இட்டரேட்டர் வழி. தொகுப்பில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது அது, ஃபார் லூப்பும் உள்ளுக்குள் அதைத்தான் பயன்படுத்துகிறது. மேப்பைத் தொடாமல் இட்டரேட்டரின் ரிமூவையே கூப்பிட்டேன், சரியாக ஓடியது. ஆனாலும் கடைசியில் வைத்துக்கொண்டது ரிமூவ்இஃப் சொன்னவரின் யோசனையைத்தான்: என்ட்ரிசெட்டை (என்ட்ரிகள், அதாவது கீ-வேல்யூ ஜோடிகளின் தொகுப்பு) எடுத்து, வேல்யூ பூஜ்யமா என்ற நிபந்தனையை அதற்குள் கொடுத்தால் மேப்பிலிருந்தே போய்விடுகிறது, மொத்தமும் ஒரே வரி. ஜாவா 8 முதல் இருக்கிறது.

எதிர்பாராத விஷயம் ஒன்று. பழைய நிரல் சோதனையில் பிழையே இல்லாமல் ஓடியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. அங்கே மூன்றே பொருள்கள், சுற்றில் கடைசியாக வந்ததுதான் பூஜ்யம். இட்டரேட்டர் அடுத்ததை எடுக்கும்போதுதான் மேப் மாறியிருக்கிறதா என்று பார்க்கும். அடுத்தது இல்லாததால் லூப் அமைதியாக முடிந்துவிட்டது. அதனால் சோதிக்கும்போது நீக்க வேண்டியவை பலவற்றை வைத்துப் பாருங்கள்.

அப்புறம், வேல்யூவை மாற்றுவது மட்டும்தான் வேலை என்றால் லூப்புக்குள்ளேயே என்ட்ரியின் செட்வேல்யூ போதும், ஹேஷ்மேப்பில் அதற்கு இந்தப் பிழை வராது.