மறு: அலிகேட்டருக்கு என்ன சொல்? ‘மறைபல் முதலை’ என் பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

புளோரிடா ஆறுகளில் ஸ்கூபா (முதுகில் காற்றுக் குப்பியுடன் நீரில் மூழ்குவது) செய்யும் நம்மவர்களுக்கான தமிழ்க் கையேட்டில், முதலையின் உறவினமான அலிகேட்டரை எப்படிக் குறிப்பது என்று கேட்டிருந்தேன். இத்தனை பேர் யோசித்து எழுதியதற்கு நன்றி.

“முதலை என்றே விட்டுவிடுங்கள், எதற்கு வேறு சொல்” என்ற கருத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வட ஆஸ்திரேலியாவில் உவர்நீர் முதலை திரியும் ஆற்றில் யாரும் இறங்கவே கூடாது. புளோரிடாவில் நிலைமை வேறு. அங்கே சுமார் 13 லட்சம் அலிகேட்டர்கள் இருக்கின்றன. ரெயின்போ, சான்டா ஃபே போன்ற ஊற்றுநீர் ஆறுகளில் அவை உண்டு என்று தெரிந்தேதான் மக்கள் இறங்குகிறார்கள். தென் கரோலினாவின் கூப்பர் ஆற்றில், விளக்கு இல்லாவிட்டால் கையே தெரியாத கலங்கலில், அழிந்துபோன ராட்சத மெகலடான் சுறாவின் புதைபடிவப் பற்களைத் தேடி மூழ்குகிறார்கள். இரண்டு விலங்குக்கும் ஒரே பெயர் வைத்தால் படிப்பவருக்கு ஒன்று வீண் பயம் வரும், அல்லது வரக்கூடாத இடத்தில் தைரியம் வரும். உயிர் சம்பந்தப்பட்ட கையேட்டில் இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

‘அமெரிக்க முதலை’ சரிவராது. அந்தப் பெயருக்கு உரிய குரோக்கடைல் (நாம் வழக்கமாக முதலை என்பது) இனம் ஒன்று தென் புளோரிடாவிலேயே இருக்கிறது. அங்குள்ள எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் அதுவும் அலிகேட்டரும் அக்கம்பக்கமாக வாழ்கின்றன. ‘நன்னீர் முதலை’ என்றால் ஆஸ்திரேலியாவின் ஒடுங்கிய மூக்கு இனம்தான் நினைவுக்கு வரும். நம் அமராவதி அணையில் கிடப்பதும் நன்னீர் முதலைதானே. ‘அகல்மூக்கு முதலை’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதே அமராவதி முதலை, அதாவது மக்கர், குரோக்கடைல் இனங்களிலேயே அகன்ற மூக்கு உடையது. தென் அமெரிக்காவில் அகன்ற மூக்கை வைத்தே பெயர் பெற்ற கெய்மன் (அலிகேட்டரின் நெருங்கிய உறவினம்) ஒன்றும் உண்டு.

‘இடங்கர்’, ‘கராம்’ என்ற பழஞ்சொற்களை வைக்கலாம் என்று ஐயா ஒருவர் விரிவாக எழுதியிருந்தார். குறிஞ்சிப்பாட்டு முதலை, இடங்கர், கராம் என மூன்றையும் அடுத்தடுத்து வைக்கிறது. இந்தச் சொற்கள் மீண்டும் புழங்க வேண்டும் என்பதில் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் கபிலர் நம் ஆற்றுச் சுழியில் திரிந்த விலங்குகளுக்குச் சொன்ன பெயரைத் தூக்கி, இந்த மண்ணில் இல்லாத ஒன்றுக்குக் கொடுத்தால், நாளைக்கு அந்த வரியைப் படிக்கும் மாணவர் குறிஞ்சி நிலத்தில் அலிகேட்டர் இருந்ததாக எண்ணிவிடுவார். அது சங்கப் பாட்டுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

என் பரிந்துரை ‘மறைபல் முதலை’. வாயை மூடியிருக்கும்போது பாருங்கள். குரோக்கடைலுக்குக் கீழ்த்தாடையின் நான்காம் பல் வெளியே துருத்தி நிற்கும். அலிகேட்டருக்கு அந்தப் பல் மேல்தாடையில் உள்ள குழிக்குள் போய் உட்கார்ந்துவிடும், மேல்வரிசைப் பற்கள் மட்டுமே தெரியும். வாயைத் திறந்தால் பல் தெரியுமே என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். சொல் வினைத்தொகைதான்: மறைந்த பல், மறைகிற பல், மறையும் பல். மூடும்போது மறையும், அவ்வளவே.

கெய்மனுக்கும் இதே பல் அமைப்புதான். ஆகவே ‘மறைபல் முதலைகள்’ என்பது அந்தக் குடும்பம் முழுவதற்கும் பெயராக இருக்கட்டும். அதற்குள் அலிகேட்டர், கெய்மன் என்ற பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதலாம். கையேட்டில் முதல் இடத்தில் ‘மறைபல் முதலையான அலிகேட்டர்’, அப்புறம் வெறும் அலிகேட்டர்.

கூடவே இன்னும் மூன்று சொற்கள். ஸ்கூபாவுக்கு நம் நாளிதழ்கள் ‘ஆழ்கடல் நீச்சல்’ என்று எழுதுகின்றன. ஆற்றில் ஏது ஆழ்கடல்? நீரில் மூழ்குபவருக்கு ஈழத்தில் ‘சுழியோடி’ இன்றும் செய்திகளில் வரும் சொல், அதையே எடுத்து ‘ஸ்கூபா சுழியோட்டம்’ என்போம். அலிகேட்டரின் வாயின் பின்புறம் தொண்டையை மூடிக்கொள்ளும் சதைக்குத் ‘தொண்டை மடல்’ போதும். அது இருப்பதால்தான் அலிகேட்டர் தண்ணீருக்கடியில் வாயைத் திறந்து இரையைக் கவ்வ முடிகிறது. விழுங்க மட்டும் தலையை மேலே தூக்கியாக வேண்டும்.

மூன்றாவது, விலங்கை நேருக்கு நேர் காண்பது. ‘தாக்குதல்’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். பெரும்பாலும் அலிகேட்டர் விலகிப் போய்விடுகிறது, அதைத் தாக்குதல் என்பது தவறு. ‘சந்திப்பு’ ஏதோ நேரம் குறித்து வைத்தது போலிருக்கிறது. ‘எதிர்ப்படல்’ பொருந்துகிறது. “அலிகேட்டர் எதிர்ப்பட்டால் அதை நெருங்காதீர்கள், வழி மறிக்காதீர்கள், இரை போடாதீர்கள்” என்று எழுதினால் யாருக்கும் புரியும். இரை போட்டுப் பழக்கினால் அதற்கு மனிதர் மேலுள்ள பயம் போய்விடுகிறது. அதனால்தான் புளோரிடாவில் அது சட்டப்படி குற்றம். அந்தி முதல் விடியல் வரை அது சுறுசுறுப்பாக இருக்கும் நேரம் என்பதால் பகலில் மட்டும் இறங்கச் சொல்லியும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

கெய்மனா, கேமனா என்ற எழுத்துக்கூட்டலில் மட்டும் உங்கள் கருத்து வேண்டும். மறுப்பு ஏதும் இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள், கையேடு அச்சுக்குப் போகிறது.