தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் மகன்: அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்

எல்லாருக்கும் வணக்கம். என் பையனுக்கு 7 வயசு. தூங்கின கொஞ்ச நேரத்துலயே பல்லை நறநறன்னு கடிக்க ஆரம்பிச்சுடறான். பக்கத்து ரூம் வரைக்கும் சத்தம் கேக்குது. மேல் கோரைப்பல் ரெண்டும் கூர் மழுங்கி, அரத்தால ராவின மாதிரி தட்டையா ஆயிடுச்சு. சில நாள் காலையில தோசையை மெல்லும்போதே காதுக்குக் கீழ கையை வச்சுக்கிட்டு வலிக்குதுங்கறான்.

மாமியார் வயித்துல பூச்சின்னாங்க. பூச்சி மாத்திரை ஸ்கூல்லயே குடுத்துட்டாங்க, கடிக்கறது நிக்கல.

பல் டாக்டர், "பால் பல்லுதானே, விழுந்துடும். பெரும்பாலான பசங்களுக்கு வளர வளர தானா நின்னுடும்"னார். நைட் கார்டு (பல் தேயாம இருக்க ராத்திரி பல்லு மேல மாட்டிக்கிற உறை) கேட்டேன். தாடை வளருற வயசு, பல் விழுந்து முளைக்கிற நேரம், இப்ப செஞ்சா சீக்கிரமே பொருந்தாம போயிடுமாம். நியாயம்தான். ஆனா என் பயம் பால் பல்லைப் பத்தி இல்லை. 6 வயசுல முளைச்ச கடைவாய்ப்பல் நாலும் நிரந்தரப் பல். அதுல எனாமல் தேஞ்சா திரும்ப வளராதே!

வாயைத் திறந்துதான் தூங்கறான், குறட்டையும் இருக்கு. அடினாய்டு (மூக்குக்குப் பின்னாடி இருக்கிற சதை), டான்சில் வீங்கி மூச்சு அடைச்சாலும் பல்லைக் கடிக்கிற பசங்க உண்டுன்னு கேள்விப்பட்டதால, அடுத்து ஈ.என்.டி. டாக்டர்கிட்ட காட்டப் போறோம்.

அடினாய்டுக்கு வைத்தியம் பார்த்த பிறகு உங்க பிள்ளைக்குக் கடிக்கறது குறைஞ்சுதா? இந்த வயசுல கார்டு போட்டவங்க யாராவது இருக்கீங்களா, எத்தனை மாசம் தாங்குச்சு? கடையில விக்கிற ரெடிமேட் கார்டு மட்டும் சொல்லாதீங்க, தூக்கத்துல கழண்டு தொண்டையில சிக்கிடுமோன்னு பயமா இருக்கு. மதுரைப் பக்கம் குழந்தைகளுக்குன்னே பார்க்கிற நல்ல பல் டாக்டர் தெரிஞ்சாலும் சொல்லுங்க.