கடற்கரையில டென்ட், தூண்டில், குடும்பம்: நம்ம கொங்குப் பக்கத்துக்காரங்க பாத்தது, பட்டது (ஒவ்வொரு பதிவுக்கும் மேல இருக்கறது எழுதுனவர் பேர்)

கோபி வாய்க்கால்

கேரளாவுல சாவக்காட்டுக் கரைங்க, பொழுது சாயற நேரம். கொடிவேரி டேம்ல ஜிலேபி மீன் புடிக்கற அதே மூங்கில் குச்சி, அதே மைதா உருண்டை, சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு ஈயம். நம்ம பக்கத்துக் குடும்பம்தான், பேச்சுலயே தெரிஞ்சுது. வீசுன வேகத்துல அலை அத்தனையையும் சுருட்டி வீசுனவர் காலடியிலயே கொண்டாந்து போட்டுருச்சு. முள்ளுல மாவு பொட்டுகூட இல்ல. அந்த வெறும் முள்ளுதான் இன்னும் கண்ணுல நிக்குது.

டேம்ல தண்ணி நிக்கும், மீன் நடமாடும். கடல்ல தண்ணியும் நடக்கும். அதனால மாவு, மண்புழு எல்லாம் வீட்டுலயே இருக்கட்டும். தோலுரிச்ச இறாலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டி முள்ளு மறையற மாதிரி கோத்துருங்க. இறால் மெதுவு, சின்ன மீன் கொத்தியே காலி பண்ணிரும். அப்படிப் போச்சுன்னா கணவாயை ரெண்டு அங்குலத்துக்கு நாடாவா நறுக்கிப் போடுங்க, லேசுல உதிராது.

ஈயம் அலை இருக்கற கரைக்கு 80லிருந்து 100 கிராம். குச்சி 9, 10 அடி ராடு. மெயின் தங்கூஸ் (நைலான் நரம்பு) 0.35 மி.மீ. நுனியில ஒரு சுழலி. அதுக்குக் கீழே 0.50 மி.மீ தங்கூஸ் மூணு அடி, அடி நுனியில ஈயம், நடுவுல ஒரு சாண் இடைவெளி விட்டு ரெண்டு கிளை. கிளை அரைச்சாண் போதும். நீளமா விட்டா மெயின்லயே சுத்திக்கும். கிழங்கான் மீனுக்கு வாய் சின்னது, 6ஆம் நம்பரை விடப் பெரிய முள்ளு போடாதீங்க.

ரொம்பத் தூரம் வீசறதுதான் வீரம்னு நெனைக்க வேண்டாம். முதல் அலை உடையற இடத்துக்கும் ரெண்டாவது உடையற இடத்துக்கும் நடுவுல கொஞ்சம் இருட்டா ஒரு பட்டை தெரியும் பாருங்க, அது பள்ளம். இரை ஒதுங்கற இடம், மீனும் அங்கதான். தண்ணி ஏறற கடைசி ரெண்டு மணி நேரமும் எறங்க ஆரம்பிக்கற முதல் மணி நேரமும் விடியக்காலையோட சேந்து வந்தா அதை விட்டுறாதீங்க.

நொய்யல்கரை

கோபி அண்ணா சொன்னது மீன் புடிக்கற வரைக்கும் சரிங்ணா. மறுநாள் காலையில ரீல் கைப்பிடி சுத்தவே மாட்டேன்னு நிக்குமே, அதை யாரும் எழுதலை. நல்ல ரீல்தான், மொதநாள் மணல்ல வெச்சுட்டுச் சாப்பிடப் போயிருக்காங்க. கைப்பிடியைத் திருப்பினா உள்ள நறநறங்குது. ராத்திரிக்குள்ள உப்பு உறைஞ்சு, மணலும் சேந்து பல்சக்கரத்தையே தின்னுருச்சு.

ரீலை மணல்ல வெக்கவே கூடாது. ராடு நிறுத்த மூணடி பிவிசி பைப்பு, அடியைச் சாய்வா வெட்டி மணல்ல ஒரு முழம் எறக்கிருங்க. பொழுதோட வேலை முடிஞ்சதும் டிராக் திருகை (எத்தனை இழுவைக்கு நரம்பு ஓடணும்னு வெக்கற திருகு) நல்லா இறுக்கிட்டு, மேலால நல்ல தண்ணியைச் சொம்புல மெதுவா ஊத்திக் கழுவணும். ஹோஸ் வெச்சுப் பீச்சினா உப்பை நீங்களே உள்ள தள்றீங்க. பக்கெட்டுல முக்கறதும் அதே கதைதான். தொடச்சு நெழல்ல காய வெச்சுட்டு, மறக்காம டிராக்கைத் தளர்த்திருங்க. இறுக்கியே வெச்சா உள்ள இருக்கற வாஷர் அமுங்கிப் போயிரும், அப்புறம் பெரிய மீன் இழுக்கறப்போ விட்டு விட்டுத்தான் நரம்பு போகும். நரம்பு ஓடற உருளைக்கு ஒரு சொட்டு எண்ணெய். டிராக் வாஷருக்கு எண்ணெய் படவே கூடாது.

அப்புறம் 0.35 தங்கூஸ்ங்கறது எனக்கு ஒத்து வராது. பிரெய்டு, அதாவது பின்னின நரம்பு, மெல்லிசு, தூரம் போகும், கொத்தறது கைக்கு உடனே தெரியும்.

கோபி வாய்க்கால்

தம்பி, தலைப்பே குடும்பம்னு இருக்குது. பிரெய்டு அடியில எங்கயாச்சும் மாட்டிக்கிட்டா புள்ளைக கையில சுத்தி இழுக்கும். சதை அறுந்துரும். தங்கூஸ் நீண்டு குடுக்கும், பிரெய்டு குடுக்காது. தனியா போனா எதையாச்சும் கட்டிக்கங்க.

வெள்ளகோவில் அக்கா

தூண்டில் பேச்சை நிறுத்திட்டு இதைப் படிங்க. பாம்பன் பக்கம், பன்னண்டு வயசுப் பையன் கடல் கெளுத்தி ஒண்ணு புடிச்சான். பக்கத்துல இருந்த பெரியவர் ஆத்துக் கெளுத்திதானேன்னு வெறுங்கையில முதுகோட சேத்து அமுக்கினார். முதுகு முள்ளு உள்ளங்கையில அரை அங்குலம் எறங்கிருச்சு. அந்த மனுசன் கத்தலை, மூச்சு மட்டும் நின்னு நின்னு வந்துது.

கெளுத்திக்கு முள்ளு மூணு. முதுகுல ஒண்ணு, ரெண்டு பக்கத் துடுப்புக்கும் ஒண்ணொண்ணு. மூணையும் விறைச்சுப் பூட்டிக்கும், ஓரமெல்லாம் அரம் போல பல்லு, மேல விஷத் தோல். பிடிக்கவே வேண்டாம். கனமான துணியை மேல போட்டு, கட்டிங் பிளேயர்ல தூண்டில் முள்ளைப் புடிச்சுக் கழட்டுங்க. முழுங்கியிருந்தா தங்கூஸை வெட்டி விட்டுருங்க. ஒரு தூண்டில் முள்ளு பெரிய காசு இல்ல.

குத்திட்டா சுடுதண்ணி. பொறுக்கற சூடு, சுமார் 45 டிகிரி. அந்த விஷம் புரதம், சூட்டுல கெட்டுப்போகும். அரை மணியிலிருந்து ஒண்ணரை மணி நேரம் வரைக்கும் முக்கி வெக்கணும், ஆற ஆறச் சூடு சேக்கணும். சூடு பாக்கறது குத்துப்படாத கையில. குத்துப்பட்ட கை மரத்துக் கெடக்கும், வெந்தாலும் தெரியாது. ஒடைஞ்ச துண்டு உள்ள இருந்தா நீங்க நோண்டாதீங்க, டாக்டர்கிட்ட விட்டு, டிடி ஊசியும் போட்டுக்கங்க. திருக்கை வால் முள்ளுக்கும், பாசித் தரையில கெடைக்கற ஓரா மீன் முள்ளுக்கும் இதே வைத்தியம்தான். ஆனா திருக்கை முள்ளு நெஞ்சுலயோ வயித்துலயோ பாஞ்சிருந்தா பிடுங்கவே கூடாது, அப்படியே ஆஸ்பத்திரிக்கு. முழங்கால் தண்ணியில நடக்கறப்போ காலைத் தூக்கி வெக்காம மணலைத் தேச்சுக்கிட்டே நடந்தா திருக்கை தானா வெலகிரும்.

அந்தியூர் சந்தை

ஏனுங்க அக்கா, எங்க அப்பாரு காலத்துல இருந்து கெளுத்தி குத்துனா சுண்ணாம்புதான். சுடுதண்ணிக்குக் கடற்கரையில எங்க போறது?

வெள்ளகோவில் அக்கா

டீ போடற அடுப்பு எடுத்துட்டுத்தானே போறீங்க? அதுலதான். சுண்ணாம்பு வெச்சா காயத்துக்கு மேல புண்ணும் சேந்துக்கும்.

கரூர் கொசுவலை

சாயங்காலம் மூணு, நாலு மணிக்குக் கடக்காத்து ஏறும். ஆள் யாரும் இல்லாத டென்ட் ஒண்ணு, உள்ள தலையணை, போர்வை, புள்ளையோட ஸ்கூல் பையி எல்லாத்தோடயும் உருண்டுக்கிட்டே கரையைத் தாண்டிப் போச்சு. நாலு மூலையிலயும் ஆணி அப்படியே தொங்குது. டென்ட்டோட வர்ற அந்த ஒரு சாண் ஆணி நம்ம செம்மண்ணுக்குச் சரி. மணல்ல அது சும்மா சொருகி வெச்ச குச்சி.

சிமெண்ட் சாக்கைப் பாதியா வெட்டி, ஒவ்வொண்ணுலயும் அஞ்சாறு கிலோ மணல் ரொப்பி வாயைக் கட்டிக்கங்க. நாலு மூலைக்கு நாலு, பக்கக் கயித்துக்கு நாலு, ஆக எட்டுப் பை. டென்ட்டை விட்டு மூணு, நாலு அடி தள்ளி ஒண்ணரை அடிக் குழி. பையை குறுக்கால படுக்க வெச்சு, கயித்தை நடு இடுப்புல கட்டுங்க. கயிறு மேல வர்ற வழியையும் சாய்வா வாய்க்கால் மாதிரி கீறி விடணும். நேரா மேல வந்தா காத்து பையைத் தூக்கும், சாஞ்சு வந்தா மண்ணோடத்தான் இழுக்கணும். மூடி, கடல்தண்ணி ஒரு குடம் ஊத்தி மிதிச்சு விடுங்க. கயிறு தறிப் பாவு கணக்கா விறைப்பா நிக்கணும். நைலான் கயிறு பனியில நனைஞ்சா தொய்யும், அதனால படுக்கப் போறப்போ ஒரு தடவை இழுத்துக் கட்டுங்க.

பகல்ல காத்து கடல்ல இருந்து வரும், ராத்திரி கரையில இருந்து திரும்பும். கடல் பக்கம் மட்டும் கட்டிட்டுப் படுக்கறவங்களுக்கு விடியக்காலையில டென்ட் மூஞ்சிமேல கெடக்கும். வாசலைக் கடலுக்கும் வெக்காம ஊருக்கும் வெக்காம, கரையோட போக்குல வெச்சா ரெண்டு காத்துக்கும் மணல் உள்ள வராது. கீழே விரிக்கற தார்ப்பாய் டென்ட் அடியை விட ஒரு அங்குலம் உள்ளடங்கியே இருக்கட்டும். வெளிய நீட்டிட்டு இருந்தா மழைத்தண்ணியைப் புடிச்சு அடியில விட்டுரும். தென்னைக்கு அடியில வேண்டவே வேண்டாம். சவுக்குத் தோப்புல படுக்கலாம், தீ மூட்டக்கூடாது. காஞ்ச சவுக்கு எலை மேல பொறி விழுந்தா அப்புறம் உங்க அடுப்பு மட்டும் எரியாது. மழை வருதுன்னு அடுப்பை டென்ட்டுக்குள்ள கொண்டு போறதும் கூடாது, அந்தப் புகையில மணமே தெரியாத விஷவாயு இருக்குது.

இடம் பாக்கறது: காஞ்ச பாசி, குச்சி, பிளாஸ்டிக் எல்லாம் ஒரு கோடா ஒதுங்கியிருக்குமே, அதுதான் தண்ணி வந்த மட்டம். அதுக்கு மேல பத்தடி தள்ளிப் போட்டாப் போதும்.

பொள்ளாச்சி ரோடு

பத்தடி பத்தாதுங்க கரூர் அண்ணா. நம்மாளுக போறது பெரும்பாலும் ஏப்ரல், மே லீவுல. அதே மாசத்துலதான் கள்ளக்கடலும், அதாவது சொல்லாம ஏறி வர்ற அலை. காத்தே இல்ல, வானம் தெளிவு, நிலா வெளிச்சம். பொன்னானிப் பக்கம் ஒரு ராத்திரி தண்ணி சத்தமே இல்லாம மேட்டை ஏறி வந்து செருப்பையெல்லாம் எடுத்துட்டுத் திரும்பிப் போச்சு. பாசிக் கோட்டைத் தாண்டி இருபது, முப்பது அடி உள்ள.

அது இங்க அடிக்கற காத்துல வர்றது இல்ல. இந்தியப் பெருங்கடலோட தென்கோடியில புயல்காத்துல கெளம்புன அலை, நாள் கணக்குல பயணம் பண்ணி வருது. அதனாலதான் இங்க ஒரு அறிகுறியும் தெரியாது. அமாவாசை, பௌர்ணமியோட சேந்துட்டா இன்னும் உயரம். கேரளக் கரை, கன்னியாகுமரியில இருந்து ராமநாதபுரம் வரைக்கும் தென்கடல் பக்கம், ரெண்டுக்கும் இது உண்டு. ஹைதராபாத்துல இருக்கற இன்காய்ஸ்ங்கற கடல் தகவல் நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை விடும், கெளம்பறதுக்கு முன்னாடியும் படுக்கறதுக்கு முன்னாடியும் பாத்துருங்க. பாசிக் கோடு நேத்து வந்த தண்ணியைத்தான் சொல்லும். கொடி படர்ந்து, செடி முளைச்ச மேடு எங்க ஆரம்பிக்குதோ அதுக்குப் பின்னால போடுங்க.

சின்னப் புள்ளைக இருந்தா அந்த மாசம் பாக் நீரிணைப் பக்கமே போயிரலாம். அரியமான், தொண்டி. இலங்கையும் மணல் திட்டுகளும் தடுக்கறதால பெரிய அலை வராது. மீன் சிறுசுதான், கிழங்கானும் ஊடகம்ங்கற மீனும் கெடைக்கும். தனுஷ்கோடியில ராத்திரி தங்க விடமாட்டாங்க, அந்த ஆசை வேண்டாம். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மேக்குக் கடலைக் கும்பிட்டுட்டு வந்துருங்க, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் கெழக்கையும் அதே மாதிரி.

கரூர் கொசுவலை

நான் சொன்னது பாக் நீரிணைப் பக்கத்துக் கணக்கு. மேக்கேயும் தென்கடல் பக்கமும் போறவங்க பொள்ளாச்சிக்காரர் சொல்றதையே கேளுங்க.

சென்னிமலை மேடு

பேத்தை மீனைப் பத்தி ஒருத்தரும் சொல்லலை. தூண்டில்ல வந்ததும் வயித்தை பலூனா ஊதிக்கும், புள்ளைக சுத்தி நின்னு கை தட்டும். தங்கூஸ் மேலாப்புல நறுக்குனு வெட்டுப்பட்டு முள்ளே காணாமப் போனாலும் அது வேலைதான், முன்பல்லு நாலும் கத்திரி. அதோட ஈரல், முட்டை, தோல்ல இருக்கற விஷம் வேக வெச்சாலும் வறுத்தாலும் போகாது. மாத்து மருந்தும் கெடையாது. உதடு மரத்துப் போறதுல ஆரம்பிச்சு மூச்சு நிக்கற வரைக்கும் போகும். நாய்க்கும் போடாதீங்க. பேர் தெரியாத மீன் எதுவா இருந்தாலும் கரையில இருக்கற மீனவர்கிட்ட காட்டிட்டு எடுங்க.

சரி, மீனை ஊருக்குக் கொண்டு வர்றதையும் சொல்லிடறேன். ராமேஸ்வரத்துல இருந்து திருப்பூருக்கு வண்டியிலயே ஒரு பகல் போயிருது. தெர்மாகோல் பொட்டி, சுவர் ஒரு அங்குலமாவது இருக்கணும். மீன் எத்தனை கிலோவோ அத்தனை கிலோ ஐஸ், குறைக்காதீங்க. துறைமுகத்துக்கிட்ட ஐஸ் கம்பெனியில உடைச்ச ஐஸ் வாங்குங்க. பெரிய கட்டியா போட்டா மீனுக்கும் ஐஸுக்கும் நடுவுல காத்துதான் இருக்கும். புடிச்ச உடனே செவுளை அறுத்து ரத்தம் வடிய விட்டு, ரெண்டு பங்கு ஐஸ் ஒரு பங்கு கடல்தண்ணி கலந்த வாளியில அரை மணி நேரம். வெறும் ஐஸை விட அதுல சீக்கிரம் குளுந்துரும். அப்புறம் குடலும் செவுளும் எடுத்து, அடியில ரெண்டு அங்குலம் ஐஸ், ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு ஐஸ். மேல காலி இடம் இருந்தா ஐஸாலயே ரொப்பி டேப் சுத்துங்க. அடியில ஒரு ஓட்டை கண்டிப்பா வேணும், உருகுன தண்ணியில மீன் ஊறுச்சுன்னா சதை கொழகொழன்னு போயிரும்.

சூரை, அயிலை, மத்தி மூணுக்கும் தனிக் கவனம். ரெண்டு மணி நேரம் வெய்யில்ல கெடந்தாலே ஹிஸ்டமின்னு ஒண்ணு உருவாக ஆரம்பிக்கும், கொதிக்க வெச்சாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல மூஞ்சி செவந்து, தலைவலி, அரிப்பு. மீன் ஒத்துக்கலைன்னு நாம நெனைச்சுக்குவோம்.

தடைக்காலமும் கணக்குல வெச்சுக்கங்க. கெழக்கே ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும், கேரளாவுல ஜூன் 9 நள்ளிரவுல இருந்து ஜூலை 31 வரைக்கும் விசைப்படகு போகாது. கரையில நின்னு தூண்டில் போடறதுக்கு அது இல்ல. ஆனா இரைக்கு இறால் கெடைக்கறது கஷ்டம், வெலையும் ஏறும்.

நொய்யல்கரை

ஐஸ் பாடம் யார் கேட்டதுங்ணா? ஆனா செவுள் மேட்டர் நல்லாருந்துது.

அந்தியூர் சந்தை

ரெண்டு விசயம் விட்டுப் போச்சுங்க. ராமநாதபுரம் கரையில ராத்திரி டென்ட் போடறதுன்னா பக்கத்து ஸ்டேஷன்லயும் மீனவர் குப்பத்துலயும் சொல்லிட்டுப் போடுங்க. கடலைப் பாத்து டார்ச் அடிச்சு விளையாடினா கடலோரக் காவல் குழுமம் வந்து நிக்கும், அவிங்களைக் குத்தம் சொல்ல முடியாது, எதிர்ல இலங்கை. கரைவலை இழுக்கற இடத்துல தூண்டில் வீசாதீங்க, காயப் போட்ட வலையை மிதிக்காதீங்க. புள்ளைக பொறுக்கற பவளத்துண்டு, கடல் அட்டை, கடல் குதிரை எதுவும் வண்டியில ஏறக்கூடாது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல கேஸ் ஆயிரும். கூம்புச் சங்கு உயிரோட இருந்தா தொடவே விடாதீங்க, ஊசி போல கொட்டும்.

அப்புறம் வண்டி. மணல்ல எறக்கறதுக்கு முன்னாடியே டயர் காத்தை 18, 20 பி.எஸ்.ஐ.க்கு எறக்கிருங்க. மாட்டிக்கிட்டா ஆக்சிலேட்டரை மிதிக்காதீங்க, சக்கரம் சுத்தச் சுத்த அடிப்பலகை மண்ணுல உக்காந்துரும். நாலு சக்கரத்துக்கு முன்னாலயும் மண்ணைத் தோண்டி, கால்மிதியைச் சொருகி, ரெண்டாவது கியர்ல மெதுவா எடுங்க. தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்பக் காத்து அடிக்கணும். பன்னண்டு வோல்ட் பம்ப் இல்லாம அத்தனை காத்தையும் எறக்கிட்டு, ராத்திரி பத்து மணிக்கு உச்சிப்புளியில பஞ்சர் கடை தேடாதீங்க.