ஒரே கார்டு, இரண்டு அடுப்படி

குழு: தாத்தா வீடு, குரோம்பேட்டை
2025 மே 20, செவ்வாய்

மாலை 6:12
கீழ்வீடு ராமு: கரண்ட் ரீடிங் எடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு மாதத்துக்கு 1,240 யூனிட். 9,642 ரூபாய்.

கீழ்வீடு ராமு: எழுத்தாலும் சொல்கிறேன். ஒன்பதாயிரத்து அறுநூற்று நாற்பத்திரண்டு.

திருச்சி வசந்தா: முருகா

கோவை கார்த்திக்: போன தடவை எவ்வளவுப்பா?

கீழ்வீடு ராமு: 880 யூனிட். 5,610.

கீதா: எங்களிடம் இருப்பது மூன்று ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு டி.வி. சும்மா சொல்லி வைக்கிறேன்.

மாடி உமா: உங்கள் ரூமில் ஏ.சி.யும் இருக்கிறதே அக்கா.

கீதா: அது ராத்திரி இரண்டு மணி நேரம். அதுவும் இவருக்கு வியர்த்தால்.

மாடி சேகர்: சப் மீட்டர் பார்த்தேன் அண்ணா. மாடி 700. மீதி 540 கீழே.

கீழ்வீடு ராமு: 700!!

நந்தினி: கத்திரி வெயில் பெரியப்பா. எங்களுக்கு நேர் மேலே மொட்டைமாடி. ரூமுக்குள் நுழைந்தால் இட்லிக் கொப்பரைக்குள் நுழைகிற மாதிரி இருக்கிறது.

கீழ்வீடு ராமு: அதற்காக 18-இல் வைத்துவிட்டுப் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குவதா?

மாடி உமா: 18 என்று யார் சொன்னது மாமா?

கீதா: அவளே ஸ்டேட்டஸ் போட்டிருந்தாள்.

நந்தினி: 🙄

மாலை 6:31
பெங்களூரு பிரவீன்: அனைவருக்கும் வணக்கம். சிறு விளக்கம் மட்டும். 2024 ஜூலையில் ஏற்றிய கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் அடுத்த நூறு யூனிட் 2.35, அப்புறம் 400 வரை 4.70, கடைசி நூறு 6.30. 500-க்கு மேல் ஒரு யூனிட் போனாலும் அந்த 2.35 சலுகை கிடையாது, 101-இலிருந்தே 4.70. பிறகு 600 வரை 8.40, 800 வரை 9.45, ஆயிரம் வரை 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55. உங்கள் பில்லில் முதல் 500 யூனிட்டுக்கு மொத்தமே 2,040 ரூபாய்தான். கடைசி 240 யூனிட்டுக்கு மட்டும் 2,772. அதனால்தான் யூனிட் கொஞ்சம் ஏறினாலும் பில் எகிறுகிறது. ஏ.சி.யை 18-இல் வைத்தால் ரூம் சீக்கிரம் குளிராது மாமா, கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு சொல்லும் கணக்கு. 24-இல் வைத்து ஃபேனையும் போடலாம். ஃபேன் என்றதும் இன்னொன்று. பழைய சீலிங் ஃபேன் 75 வாட். நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாதத்துக்கு 108 யூனிட். கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் 45-க்குள் முடிந்துவிடும்.

திவ்யா: "சிறு"

கோவை கார்த்திக்: 😂

திருச்சி வசந்தா: மாப்பிள்ளை தெளிவாகச் சொல்கிறார். கேளுங்கள்.

கீழ்வீடு ராமு: மாதாமாதம் கணக்கெடுத்தால் ஆயிரத்தைத் தொடவே தொடாது. 2021-இல் வாக்குறுதி கொடுத்தார்கள்.

பெங்களூரு பிரவீன்: மாமா, ஸ்லாபையும், அதாவது 100, 400, 500 என்கிற அந்தப் படிகளையும் பாதியாக்கிவிட்டால் மாதக் கணக்கிலும் அதே தொகைதான் வரும்.

கோவை கார்த்திக்: அப்பா, குழுவில் அரசியல் வேண்டாம் என்று நீங்கள்தான் விதி போட்டீர்கள்.

திவ்யா: இங்கே பெங்களூருவில் மாதம் 200 யூனிட் வரை இலவசம். எங்களுக்கு பில் ஜீரோ 😌

மாடி உமா: அங்கே ஏ.சி.யே வேண்டாமே திவ்யா. நீ பேசாதே.

மாலை 6:58
கீழ்வீடு ராமு: விஷயத்துக்கு வருவோம். நாங்கள் 540 மட்டும் செலவழித்திருந்தால் பில் எவ்வளவு மாப்பிள்ளை?

பெங்களூரு பிரவீன்: 2,376 மாமா.

கீழ்வீடு ராமு: நான் 2,376 தருகிறேன். மீதி சேகர்.

மாடி சேகர்: மாப்பிள்ளை, 700 மட்டும் என்றால்?

பெங்களூரு பிரவீன்: 3,825.

மாடி சேகர்: அப்போ நான் 3,825. மீதி அண்ணா.

கீழ்வீடு ராமு: உன்னால்தானே ஆயிரம் தாண்டியது?

மாடி சேகர்: எது முதல் யூனிட், எது கடைசி யூனிட் என்று மீட்டரில் பெயர் எழுதியிருக்கிறதா?

பெங்களூரு பிரவீன்: இரண்டு பேர் கணக்கும் சரி. 2,376-ம் 3,825-ம் சேர்ந்தால் 6,201. பில் 9,642. நடுவில் 3,441 ரூபாய் இருக்கிறது. அதைக் கீழேயும் செலவழிக்கவில்லை, மேலேயும் செலவழிக்கவில்லை. இரண்டு வீடும் ஒரே மின் இணைப்புக் கார்டில் இருப்பதால் வருகிற தொகை. அதை யார் தலையில் கட்டுவது என்பதுதான் சண்டை. யூனிட் விகிதத்தில் பிரித்தால் மாடிக்கு 5,443, கீழே 4,199.

மாடி உமா: இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 3,441!

கோவை கார்த்திக்: மாடிக்குத் தனி கார்டு வாங்கினால் முடிந்தது. தனி சமையலறை, தனி வாசல் இரண்டும் இருக்கிறது. ஆய்வுக்கு வந்து பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள்.

மாடி சேகர்: இதை நான் 2019-லேயே சொன்னேன்.

கீழ்வீடு ராமு: அப்போது அப்பா இருந்தார்.

மாடி சேகர்: அப்பாதான் சரி என்றார். வேண்டாம் என்றது யார் என்று நான் இங்கே எழுதவில்லை.

கீதா: எழுதுங்களேன்.

திவ்யா: அம்மா, நீங்கள் அனுப்பிய வடு மாங்காய் வந்தது. ஜாடி மூடி உடைந்திருந்தது.

திருச்சி வசந்தா: ஐயோ, உப்புத் தண்ணீர் கொட்டிவிட்டதா?

திவ்யா: பாதி இருக்கிறது.

திருச்சி வசந்தா: விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் குலுக்கி வை. வெயிலில் வைக்காதே.

கோவை கார்த்திக்: கார்டு யார் பெயரில் இருக்கிறது இப்போது?

கீழ்வீடு ராமு: தாத்தா பெயரில்தான்.

கோவை கார்த்திக்: முதலில் அதை மாற்ற வேண்டும். வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம். அப்பா, சித்தப்பா, அத்தை மூன்று பேர் கையெழுத்தும் வேண்டியிருக்கும்.

திருச்சி வசந்தா: என் கையெழுத்துமா?

கோவை கார்த்திக்: ஆமாம் அத்தை.

திருச்சி வசந்தா: பரவாயில்லையே. நானும் இந்த வீட்டில் ஒரு ஆள் என்று கரண்ட் கார்டாவது சொல்கிறது.

கீழ்வீடு ராமு: வசந்தா, இப்போது எதற்கு அந்தப் பேச்சு?

திருச்சி வசந்தா: நான் எந்தப் பேச்சும் எடுக்கவில்லை அண்ணா.

பெங்களூரு பிரவீன்: கூரையில் சோலார் போடுவது பற்றியும் யோசிக்கலாம். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000. நம் ஊர் வெயிலுக்கு நாளைக்குச் சுமார் 12 யூனிட் வரும்.

மாடி சேகர்: நல்ல யோசனை. மொட்டைமாடி எங்கள் பக்கம்தான்.

கீழ்வீடு ராமு: மொட்டைமாடி யார் பக்கமும் கிடையாது.

திவ்யா: பிரவீன், போதும்.

இரவு 7:40
பெங்களூரு பிரவீன்: ஒரு சோதனை மட்டும். மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டும். பெரும்பாலும் 3,200 சிமிட்டல் ஒரு யூனிட். மீட்டர் மேலேயே எழுதியிருக்கும். மெயினை அணைத்த பிறகும் சிமிட்டினால் வயரிங்கில் எங்கோ கசிவு, அல்லது வேறு யாரோ எடுக்கிறார்கள். அணைந்தால் மீட்டர் மேல் பழியில்லை.

கீழ்வீடு ராமு: பின்வீட்டுக்காரன் மேல் எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

இரவு 7:52
மாடி உமா: யார் மெயினை அணைத்தது???

மாடி சேகர்: நான்தான். சோதனை.

மாடி உமா: ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அணைக்கக் கூடாதா? குக்கரில் விசில் எண்ணிக்கொண்டிருந்தேன், இருட்டில் விட்டுப்போனது.

மாடி சேகர்: சிமிட்டவில்லை. பின்வீட்டுக்காரர் நல்லவர்.

மாடி சேகர்: மறுபடி போட்டேன். இரண்டு வீட்டிலும் ஏ.சி., டி.வி. எல்லாம் அணைத்தும் விளக்கு படபடவென்று அடிக்கிறது.

நந்தினி: மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறதே அப்பா.

கீதா: சாயங்காலம் ஐந்து மணிக்குத்தானே ஓடி நின்றது?

கோவை கார்த்திக்: ஆட்டோமேட்டிக் சுவிட்ச் போட்டதிலிருந்து யாரும் கவனிப்பதில்லை. டேங்க் குறைந்தால் தானே ஓடும்.

பெங்களூரு பிரவீன்: எங்கேயோ தண்ணீர் ஒழுகுகிறது. 1 ஹெச்.பி. மோட்டார் மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட். தினம் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். 11.55 வீதம் 1,386 ரூபாய். ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் மஞ்சள்தூள் போட்டுக் கால் மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பையில் மஞ்சள் இறங்கினால் அங்கேதான் ஒழுகல்.

கீதா: மஞ்சள்தூளையா? செவ்வாய்க்கிழமையும் அதுவுமாக?

இரவு 8:20
கீழ்வீடு ராமு: கீழே சுத்தம்.

நந்தினி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கீழ்வீடு ராமு: நீக்குவதற்குள் பார்த்துவிட்டேன். நல்ல மாம்பழ நிறம்.

கீழ்வீடு ராமு: மோட்டார் கரண்ட் எங்கள் 540-இல் ஏறுகிறது. ஒழுகுவது மாடியில். அதை எந்த விகிதத்தில் பிரிப்பது மாப்பிள்ளை?

திவ்யா: அவர் சாப்பிடப் போய்விட்டார்.

பெங்களூரு பிரவீன்: இல்லை, இருக்கிறேன்.

திருச்சி வசந்தா: எனக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. இன்றிரவு 9.30-க்கு கரண்டைத் துண்டிப்பார்களாம், இந்த நம்பருக்குக் கூப்பிடச் சொல்கிறது. நம் பில் விஷயமாகவா?

கோவை கார்த்திக்: அத்தை கூப்பிடாதீர்கள்!! மோசடி.

திவ்யா: அம்மா, உங்கள் வீட்டு பில் போன வாரமே கட்டியாகிவிட்டது. லிங்க் எதையும் தொடாதீர்கள்.

திருச்சி வசந்தா: சரி சரி. கத்தாதீர்கள்.

கீதா: கரண்டை விடுங்கள். சிலிண்டர் 28 நாளில் தீர்ந்துவிட்டது. அதை யாராவது கேட்டீர்களா?

மாடி உமா: இண்டக்‌ஷன் வாங்குங்கள் அக்கா. நான் பால் காய்ச்ச, டீ போட எல்லாம் அதில்தான்.

பெங்களூரு பிரவீன்: இல்லை அத்தை, இப்போதைக்கு வேண்டாம். ஒரு சிலிண்டர் 868.50. அது செய்கிற சமையலுக்கு இண்டக்‌ஷனில் சுமார் 140 யூனிட் ஆகும். 4.70-இல் கிடைத்தால் 658 ரூபாய், லாபம். நம் வீட்டில் கூடுதல் யூனிட் ஒவ்வொன்றும் 11.55-இல் விழுகிறது. 1,617 ரூபாய். கார்டு பிரிந்து 8.40-க்கு வந்தாலும் 1,176. 400 யூனிட்டுக்குக் கீழே இறங்குகிற வரை கேஸ்தான் மலிவு. அதில் மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். பாத்திரத்துக்கு வெளியே தீ வரக் கூடாது. பருப்பை ஊறவைத்துக் குக்கரில் போட்டு, விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட வேண்டும்.

கீதா: மாப்பிள்ளை எனக்குப் பருப்பு வேகவைக்கச் சொல்லித் தருகிறார்.

திவ்யா: இவருக்கு அடுப்பு பற்றவைக்கவே தெரியாது அத்தை.

கீதா: சிலிண்டர் போவது பருப்பில் இல்லை. தினம் காலையில் உங்கள் பெரிய மாமாவுக்கு ஒரு பெரிய குண்டான் வெந்நீர்.

கோவை கார்த்திக்: மே மாதத்திலா அப்பா??

கீழ்வீடு ராமு: முட்டி வலி.

மாடி சேகர்: சரி அண்ணா, 5,000 அனுப்பிவிட்டேன், பாருங்கள்.

கீழ்வீடு ராமு: வந்தது. 443 பாக்கி.

மாடி சேகர்: ஃப்ளஷ் ரிப்பேர் செலவை அதில் கழித்துக்கொள்ளுங்கள்.

கீழ்வீடு ராமு: உன் ஃப்ளஷ்ஷுக்கு நான் ஏன் கழிக்க வேண்டும்? மோட்டார் கணக்கே இன்னும் வரவில்லை.

மாடி உமா: ப்ளம்பர் வியாழக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை அந்த டேங்க் குழாயை மூடி வைத்துவிட்டேன் மாமா. வாளிதான்.

கோவை கார்த்திக்: கார்டு விஷயத்தை நேரில் பேசலாம். 25 ஞாயிறு?

மாடி சேகர்: அன்றைக்கு உமா தம்பி வீட்டு கிரகப்பிரவேசம்.

கீழ்வீடு ராமு: அதற்கடுத்த ஞாயிறு பார்க்கலாம். அவசரமில்லை. அடுத்த ரீடிங் ஜூலையில்தான்.

திருச்சி வசந்தா: எந்த ஞாயிறு என்று சொல்லுங்கள், பல்லவன் ரயிலில் வந்துவிடுகிறேன். வாரிசுச் சான்றிதழும் வீட்டுப் பத்திரமும் ஜெராக்ஸ் என்னிடம் இருக்கிறது. எடுத்து வருகிறேன்.

கீழ்வீடு ராமு: பத்திரம் எதற்கு?

திருச்சி வசந்தா: சும்மா. பையில் இருக்கட்டும்.